துருத்தி மூச்சும் நூல் மூச்சும்

எங்களுக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம் என் வீட்டுக்காரருக்கு யோகாசனப் பைத்தியம் பிடித்தது. ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்களுக்குச் சேவல் சண்டை, சிலருக்குச் சீட்டு. இவருக்கு மூச்சு. அதுவும் சும்மா மூச்சா? விடியற்காலையில் லயம், அதாவது எங்கள் வரிசை வீடுகள், முழுவதையும் எழுப்பிவிடுகிற மூச்சு.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். நான் மலையில் கொழுந்து பறித்தேன். அவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே காய்ந்த தேயிலையைச் சலித்து ரகம் பிரிக்கிற சல்லடை அறையில் அவர் நின்றார். சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது புருவம், கண்ணிமை, காதுமுடி எல்லாம் பழுப்பேறியிருக்கும். அவருடைய சட்டையை அலசிய தண்ணீரில் பால் ஊற்றினால் குடித்துவிடலாம் என்று கேலி செய்வேன். ஸ்டோர் ஆள் என்றால் தோட்டத்தில் கொஞ்சம் மதிப்பு உண்டு. மழையில் நனைய வேண்டாம், அட்டைக்கடி கிடையாது. அந்தப் பெருமை அவருக்கு இருந்ததைவிட எனக்குத்தான் அதிகம்.

ஹட்டன் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை மாடியில் நாலைந்து பேருக்கு யோகாசனம் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்த குடும்பம். நல்ல தொந்தியுள்ள மனிதர், வேட்டி இடுப்பில் நிற்பதே பெரும்பாடு. ஆனால் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாலும் அவருக்கு மூச்சு வாங்காது. அதைப் பார்த்துத்தான் தான் மயங்கியதாக என் வீட்டுக்காரர் சொன்னார். ஒரு ஞாயிறு விடாமல் ரயிலேறிப் போனார்.

மூச்சில் இரண்டு தினுசு உண்டு என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்று மெதுவானது. ஒரு மூக்கை விரலால் அடைத்து, மறு மூக்கால் வருவது தெரியாமல் இழுத்து, போவது தெரியாமல் விட வேண்டும். இன்னொன்று வேகமானது. கொல்லன் துருத்தியை அமுக்குவதுபோல வயிற்றை உள்ளே இழுத்து இழுத்து மூக்கு வழியாக அடித்துத் தள்ள வேண்டும். முதல் தினுசை அவர் வீட்டில் செய்து நான் பார்த்ததே இல்லை. இரண்டாவதை மட்டும் ஒருநாள்கூட விட்டதில்லை.

காலையில் பேர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் எழுந்து, சாக்கை விரித்துச் சப்பணம் போட்டு உட்காருவார். புஸ், புஸ், புஸ் என்று அறுபது. கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி அறுபது. வயிறு உள்ளே போய் முதுகைத் தொட்டுவிட்டு வரும். முடிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரையில் போட்டிருந்த பீன்ஸ் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். பெய்கிற மழையிலும் தண்ணீர் ஊற்றப் போவார். தோட்டக்காரனுக்குப் பயிர்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கும் மூளை என்று ஒன்று இருந்தது என்பதற்கு இதையெல்லாம் சாட்சியாகச் சொல்ல முடியாது.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. காம்பரா என்றால் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய ஒற்றை அறை. மேலே ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் எதுவும் கூரைவரை போகாது, மேலே இரண்டு சாண் வெறுமையாக இருக்கும். எந்த வீட்டில் கருவாடு, எந்த வீட்டில் சண்டை, எந்தக் குழந்தைக்கு வயிறு சரியில்லை, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ரகசியம் காக்க வேண்டுமென்றால் பேசாமல் இருந்தால் மட்டும் போதாது, தும்மாமலும் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட இடத்தில் இந்தப் புஸ் புஸ் சத்தம் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "நானுஓயாவுக்கு ரயிலு ஏறுதுடோய்" என்று கோடிக் காம்பராவிலிருந்து கத்துவார்கள். இன்னொருத்தர் அந்தச் சத்தத்துக்கு எழுந்து பெரட்டுக்குப் போனதால் கங்காணியிடம் திட்டு வாங்காமல் தப்பினேன் என்று வாழ்த்துவார். எனக்குக் கோபம் வருவதற்குப் பதிலாகப் பெருமைதான் வந்தது. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் குடத்தை வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு இரும்புங்க. ஸ்டோருல அத்தனை தூசியையும் தின்னுட்டு இப்படி ஊதணும்னா சும்மாவா?" என்று தம்பட்டம் அடிப்பேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் என்ற திமிரும் சேர்ந்துகொண்டால் என் வாயை யாராலும் மூட முடியாது.

அந்தத் தம்பட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் பக்கத்துக் காம்பரா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவின் வீட்டுக்காரரும் அதே சல்லடை அறையில் நின்றவர். நான் கல்யாணமாகி வந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு இருமல் கண்டது. அது காசநோயா, வெறும் தூசியா என்று எந்த டாக்டரும் பார்ப்பதற்கு முன்பே லயம் முடிவு கட்டிவிட்டது. "நெஞ்சுச் சீக்கு" என்று ஒருத்தி சொன்னாள், அவ்வளவுதான். முதலில் அடுப்பு மூட்டுகிற வீட்டிலிருந்து மற்றவர்கள் கொட்டாங்கச்சியில் நெருப்பு வாங்கிப் போவது எங்கள் வழக்கம். முதலில் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர் எப்போதும் அந்த அக்காதான். இருமல் கேட்டபிறகு அவர் வாசலுக்கு நெருப்பு வாங்க யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. தீப்பெட்டியைப் புடவையில் ஒளித்துக்கொண்டு வந்து என் அடுப்பை மூட்டினேன். இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. ஒருநாள் அந்த மனிதரை லொறியில் ஏற்றித் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆள் திரும்பி வரவில்லை, செய்திதான் வந்தது. அக்கா ஒற்றை ஆளாக அதே காம்பராவில் கிடந்து மலைக்குப் போய்வந்தார்.

ஆக, எங்கள் லயத்தில் ஓர் ஆளின் இருமல் சுவரைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் என் வீட்டுக்காரரின் மூச்சு சுவரைத் தாண்டிக் கேட்கக் கேட்க எனக்கு நிம்மதி. இப்படி ஊதுகிறவருக்கு என்ன வந்துவிடும்?

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை புடவை எடுக்க நானும் அவரோடு ஹட்டனுக்குப் போனேன். வகுப்பு முடிந்ததும் அவர் பீன்ஸ் விதை வாங்கக் கடைவீதிக்குள் போனார். முதலாளி கீழே வந்து எனக்குப் புடவைகளை விரித்துக் காட்டினார். காட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"வீட்டுல மெதுவா மூச்சு விடுறதைத் தவறாம செய்யுறாரா, தங்கச்சி?"

"மெதுவாவா? நல்லாக் கேட்டீங்க மொதலாளி. புஸ்ஸு புஸ்ஸுன்னு லயமே அதிருதுங்க. எங்க ஆளுங்க ரயிலுன்னே பேரு வச்சுட்டாங்க" என்றேன். குரலில் அதே பீலியடிப் பெருமைதான்.

அவர் விரித்த புடவையை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். "துருத்தியா விடுறாரு? அதைத் தொடவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. அவரு நெஞ்சுல கேக்குற விசிலுக்கு அது வெஷம்."

"என்ன விசிலுங்க?"

வாயில் விரலை வைத்துக்கொண்டு, "ஐயையோ, உனக்குத் தெரியாதா? நான்ல உளறிட்டேன்" என்றார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த மனிதர் உளறியதுதான் எங்களைக் காப்பாற்றியது.

பிறகு உட்காரவைத்து விளக்கினார். மெதுவான மூச்சுக்கு அவர் வைத்திருந்த பரீட்சையைக் காட்டினார். வேட்டி ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்து மூக்குக்கு நேரே தொங்கவிட்டு மூச்சு விட்டார். நூல் அசையவில்லை. அத்தனை பெரிய உடம்புக்குள் காற்று போய் வருவதே தெரியவில்லை. இதை ஆறு மாசம் பழகாமல் துருத்தியைத் தொடக்கூடாதாம். அதுவும் நெஞ்சு சுத்தமாக இருக்கிறவர்களுக்குத்தான் துருத்தியாம். "அவரு முதல் நாள் மெதுவா மூச்சு விட்டப்பவே எனக்குக் கேட்டுருச்சும்மா. உள்ளுக்குள்ள கீச்சுன்னு ஒரு விசிலு. டாக்டர்கிட்டப் போங்கன்னேன். போயிட்டு வந்துட்டேன், ஒண்ணுமில்லேன்னாரு."

அவர் எந்த டாக்டரிடமும் போகவில்லை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

ரயிலில் எங்கள் தோட்டத்து ஆட்கள் நிறைய இருந்தார்கள், அதனால் வாயைத் திறக்கவில்லை. மூக்குக்கு மேல் கோபம். அவர் பாவம், புடவை பிடிக்கவில்லையோ என்று நினைத்து, தலவாக்கலையில் கடலை வாங்கிக் கொடுத்தார். கோபத்தோடேயே முழுவதையும் தின்றேன்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவள்போலச் சொன்னேன்: "நாளைலேருந்து மெதுவா விடுற மூச்சையும் செய்யுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

மறுநாள் மூக்கடைப்பு என்றார். அடுத்த நாள் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதாம். மூன்றாம் நாள், "அதெல்லாம் பொம்பளைங்க விடுற மூச்சு புள்ள" என்றார்.

"அப்படியா? அப்ப தெனம் தூங்குறப்ப நான் யோகாசனந்தான் செஞ்சுக்கிட்டு இருந்தேனா?" என்று கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா சிரிப்பது கேட்டது. அதற்கு மேல் அங்கே பேச்சை வளர்க்க முடியாது.

அடுத்த ஞாயிறு கோயிலில் ஏதோ பூசை. மத்தியானம் லயம் காலியாக இருந்தது. அவரை நான் போகவிடவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் புதுப்புடவை ஓரத்தில் ஒரு நூலைப் பிய்த்து அவர் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "விடுங்க" என்றேன்.

நூலைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முதலாளியின் நூல் அல்லவா அது! மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்து வலது மூக்கை அடைத்து மெதுவாக இழுத்தார். மெதுவாக விட்டார். கேத்தலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது ஒரு சன்னமான சத்தம் வருமே, அதுதான் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. இழுக்கும்போது கொஞ்சம், விடும்போது நீளமாக. நாலு வருஷமாக அந்த நெஞ்சுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அவர் எப்போதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ஒரு வருசம் இருக்கும்."

"இதை வச்சுக்கிட்டுத்தான் அந்த ஊது ஊதுனீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஸ்டோருல தூளையும் அதோட வர்ற தூசிப் பஞ்சையும் பிரிக்க விசிறி மெசினு இருக்குல்ல? வேகமாக் காத்தடிச்சா பஞ்சு பறந்து வெளிய போயிரும், தூளு தங்கிரும். என் நெஞ்சுல ஒட்டியிருக்கிறதும் அந்தப் பஞ்சுதானே புள்ள? வேகமா ஊதுனா பறந்துரும்னு நெனச்சேன்."

சல்லடை அறையில் பத்து வருஷம் நின்ற மனிதருக்குத்தான் இப்படித் தோன்றும். வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"போச்சா?"

"எங்க போச்சு? ஊதி முடிச்சதும் இருமல்தான் வந்துச்சு."

"நீங்க இருமி நான் ஒருநாளும் கேக்கலையே?"

"பீன்ஸ் பாத்தியில இருமுவேன். ஓடைச் சத்தத்துல கேக்காது."

"பின்னே அந்தக் கருமத்தை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

சுவருக்கு மேலே இருந்த இடைவெளியைக் கையால் காட்டினார். "நிறுத்துனா ஏன் நிறுத்துனேன்னு கேப்பாங்க. நீ வேற பீலியடியில இரும்பு நெஞ்சுன்னு சொல்லி வச்சிருக்க. அதுவும் போக, அந்தச் சத்தம் இருந்தா இந்தச் சத்தம் உனக்குக் கேக்காதுல்ல?"

அவர் தோளில் ஓங்கி அடித்தேன். பிறகு அதே தோளில் சாய்ந்துகொண்டு அழுதேன். அவ்வளவு பிரியம் வைத்த ஆள்மேல் அவ்வளவு கோபமும் வரும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தூசியோ காசநோயோ, எதுவாக இருந்தாலும் ஆள் எனக்கு வேண்டும். லொறி ஒன்று வந்து நின்று இவரை ஏற்றிக்கொண்டு போவதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் சாயந்தரத்துக்குள் பன்னிரண்டு காம்பராவுக்கும் தெரிந்துவிடும். ஆகவே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்தோம். முதலாளி கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்தார். அங்கே கிளார்க்கிடமும் நர்ஸிடமும் சிங்களத்தில் பேசி எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். அந்தத் தொந்தி மனிதருக்கு நான் எத்தனை ஜென்மத்துக்கும் கடமைப்பட்டவள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். சளியை ஒரு குப்பியில் வாங்கிக்கொண்டார்கள். முடிவு தெரியப் பத்து நாள் ஆகும், அதுவரை தூசிப் பக்கம் போகக்கூடாது, மூச்சை அடித்து ஊதக்கூடாது என்றார் டாக்டர். மெதுவாக விடலாமா என்று முதலாளி கேட்டார். அது எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம் என்று டாக்டர் சொல்லிச் சிரித்தார்.

பத்து நாள் வேலைக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் வேண்டுமே. கால் சுளுக்கு என்று வைத்தோம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கணுக்காலில் பற்றுப் போட்டுத் துணி சுற்றினேன். நல்லவேளை, டிஸ்பென்சரி ஐயா வாசலில் நின்றே எட்டிப் பார்த்து, பூச ஓர் எண்ணெயைக் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்குப் பொய்யும் வராது, நடிப்பும் வராது. கட்டுப் போட்ட காலை ஊன்றிக்கொண்டு மற்றக் காலை நொண்டினார். "அந்தக் கால் இல்லைங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு காதில் சொன்னேன். அவர் குடிக்கிற டம்ளரையும் தட்டையும் மட்டும் தனியாக வைத்தேன். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுளுக்கை யோசித்த நான் மூச்சை யோசிக்காமல் விட்டுவிட்டேன். முதல் நாள் விடியற்காலை. அவர் எழுந்து சாக்கில் உட்கார்ந்து, நூலைத் தொங்கவிட்டுக்கொண்டு சத்தமில்லாமல் மூச்சு விட ஆரம்பித்தார். லயமும் சத்தமில்லாமல் இருந்தது. அந்த அமைதியும் சுவரைத் தாண்டிக் கேட்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவருக்கு மேலாக அக்காவின் குரல் வந்தது.

"என்ன தம்பி, இன்னைக்கு ரயிலு லேட்டா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். தொண்டையில் இருமல் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அவர் வாயைக் கையால் பொத்தினேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை, அங்கேயே உட்கார்ந்து நான் ஊதினேன். புஸ், புஸ், புஸ். கால் சுளுக்கினால் நெஞ்சுக்கு என்ன, ஊத வேண்டியதுதானே என்றுதானே லயம் நினைக்கும்!

கேலி செய்வது சுலபம், ஊதிப் பார்த்தால்தான் தெரியும். இருபதுக்கு மேல் காது அடைத்தது. நாற்பதில் அடுப்புக்கட்டி இரண்டாகத் தெரிந்தது. கொழுந்துக் கூடையோடு செங்குத்து மலை ஏறி இறங்குகிறவள் நான், எனக்கே இந்தக் கதி. அறுபதில் சாய்ந்து அவர்மேல் விழுந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலை இழுத்துக்கொண்டு வந்தது. அந்த இருமலை மூட நான் மறுபடி எழுந்து இன்னும் வேகமாக ஊத வேண்டியிருந்தது. அவர் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு கண்ணில் நீர் வழியச் சிரித்தார், இருமினார், சிரித்தார். எனக்குத் தெரிந்து எங்கள் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷமான காலை இருந்ததில்லை. அது எவ்வளவு பயங்கரமான காலை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இரண்டாம் நாளிலிருந்து ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. அவர் சாக்கில் உட்கார்ந்து நூல் மூச்சு விடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து துருத்தி மூச்சு விடுவேன். இருமல் வருவதுபோல இருந்தால் என் முழங்காலைத் தட்டுவார், நான் வேகத்தைக் கூட்டுவேன். மற்ற நேரத்தில் இருமல் வந்தால் தலையணைதான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நாங்கள் எட்டையும் தாண்டினோம். தூசி இல்லாததாலோ, நூல் மூச்சாலோ, ஏழாம் எட்டாம் நாளில் அந்தக் கேத்தல் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. நான் காதை அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். குறைந்தது உண்மையா, என் ஆசையா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

பதினோராம் நாள், கால் குணமானவர் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் போனோம். டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். காசநோய் இல்லை என்றார். தேயிலைத் தூசியால் வந்த இழுப்பு, சல்லடை அறையை விட்டால் அடங்கும், முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது என்றார். அதை ஒரு கடிதத்தில் எழுதியும் கொடுத்தார். ஹட்டன் ஸ்டேஷனில் உட்கார்ந்து வடை தின்றோம். நான் நாலு தின்றேன். அவர் தன் பங்கில் ஒன்றை எடுத்து எனக்கே கொடுத்தார்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கடிதத்தைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஆனாலும் ஆளை மலைக்கு மாற்றிக் கொடுத்தார். காசநோய் இல்லை என்று டாக்டர் கையெழுத்தோடு இருந்ததால் லயத்தில் யாரும் வாயைத் திறக்க வழியில்லை. என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டப் போனார். தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்குக் குறைத்து வெட்டுகிற அந்த வேலை முதுகை ஒடிக்கும். அட்டையும் கடித்தது, மழையும் நனைத்தது. ஸ்டோர் ஆள் என்ற என் பெருமை போயே போய்விட்டது. போனால் போகட்டும் என்றிருந்தது. பனிக்காலத்தில் மட்டும் விசில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நூல் மூச்சை அவர் கடைசிவரை விடவில்லை. துருத்தி எங்கள் காம்பராவில் அத்தோடு நின்றது.

அவர் மலை வேலைக்குப் போய் ஒரு வாரம் இருக்கும். பெரட்டுக்கு முன்னால் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காம்பரா அக்காவும் நானும்தான். அவர் குடத்தைத் தேய்த்துக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அந்தப் பத்து நாளும் ஊதுனது நீதானே?"

"என்னக்கா சொல்றீங்க?"

"நாலு வருசமா சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கேன். தம்பி மூச்சு எனக்குத் தெரியாதா? அவரு ஊதி முடிக்கிறப்ப ஒரு கமறல் வரும். எங்க ஆளுக்கும் முதல்ல அப்படித்தான் வந்துச்சு. உன் மூச்சுல அது இல்ல."

"அப்ப, அவரு இருமுனது..."

"அதுவும் கேட்டுச்சு."

"யாருகிட்டயும் நீங்க சொல்லலையே, அக்கா."

"கோடிக் காம்பராக்காரி கேட்டா, மூச்சுச் சத்தம் ஒரு மாதிரியா இருக்கேன்னு. கால் வலிச்சாலும் தம்பி முன்னைய விட நல்லா ஊதுறாரு, நெஞ்சு இரும்புன்னு நான்தான் சொன்னேன்." குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்தார். பிறகு சொன்னார்: "எங்க ஆளுக்கு இருமல் வந்தப்ப, இப்படி ஊதணும்னு எனக்குத் தோணலையே, புள்ள."

அக்கா அழவில்லை. உப்புப் போட மறந்துவிட்டேன் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அந்த மனிதர் இருமிய நாட்களில் நான் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். "அக்கா" என்றேன்.

"சரி சரி, குடத்தைத் தூக்கிவிடு. பெரட்டுக்கு நேரமாச்சு" என்றார்.